கல்லெழுத்துக்கு முப்பரிமாணப் படி: இணையத்தில் வெளியிடும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

பெங்களூரைச் சேர்ந்த பிரேசர் டவுன், 1898ஆம் ஆண்டில் அந்நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், நெரிசல் மிகுந்த கண்டோன்மென்ட் பகுதியிலிருந்து மக்களை விசாலமான இடத்திற் குடியேற்றும் நோக்கத்துடன் திட்டமிட்டு அமைக்கப்பட்டதாகும். மைசூரில் ரெசிடெண்டாகப் பணிபுரிந்த சர் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பிற்காலத்தில் சாளுக்கிய மன்னன் புலிகேசியின் பெயரால் அது புலிகேசி நகர் என மாற்றப்பட்டது. எனினும் மக்கள் வழக்கில் பழைய பெயரே நிலைத்துள்ளது. புலிகேசி என்னும் பெயருடைய மன்னர்களுட் சிறந்தவனான இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளை உலகம் அறிவதற்கு முக்கிய ஆதாரமாக விளங்குவது, 634ஆம் ஆண்டில் ரவிகீர்த்தி என்னும் புலவர் இயற்றி ஐஹொளேயிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டாகும். அக்கல் அழிந்திருப்பின், அம்மன்னனது வரலாற்றின் பெரும்பகுதி நமக்குக் கிட்டியிராது.

பிரேசர் டவுன் புதிய பகுதியாயினும், அதனைச் சூழ்ந்துள்ள சிற்றூர்கள் மிகப் பழமையானவை. வடக்கே ஹெப்பாளில் 2018ஆம் ஆண்டில் சாலையோரத்தில் பள்ளம் தோண்டியபோது வெளிப்பட்ட நடுகல், ஏறத்தாழ 750ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்திற் போரில் வீழ்ந்த கிட்டய்யா என்னும் வீரனைக் குறித்து அது கன்னடத்திற் கூறுகின்றது. தெற்கே டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலிலும், மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. மடிவாளாவில் உள்ள ஒன்று 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேகூர் நாகேசுவரர் கோயிலிலுள்ள, ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லில், பெங்களூர் என்னும் பெயரே ஒரு போரின் பெயராகக் காணப்படுகின்றது.

இக்கல்வெட்டுகளிற் பலவற்றைப் படியெடுத்து, பி. எல். ரைஸ் என்பவர் 1905ஆம் ஆண்டில் எபிகிராபியா கர்னாடிகா நூல்வரிசையின் 9ஆம் தொகுதியாக வெளியிட்டார். அத்தொகுதி இன்றும் நூலகங்களிற் படிக்கக் கிடைக்கின்றது. ஆயின் அதிற் குறிக்கப்பெற்ற கற்களிற் பல, சாலை விரிவினாலும் வீடுகட்டும் வேலையினாலும் மறைந்துபோயின. நூல் நிலைத்தது, கல் நிலைக்கவில்லை.

இந்நிலையை மனத்திற்கொண்டு, 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பெங்களூர் மிதிக் சொசைட்டி, 2021ஆம் ஆண்டு முதல், எஞ்சியுள்ள கற்களை முப்பரிமாண ஸ்கேனர் கருவியினால் அளந்து பதிவுசெய்யும் பணியை மேற்கொண்டுள்ளது. நூற்றுக்கணக்கான கற்கள் இவ்வாறு பதிவுசெய்யப்பட்டுள்ளன. இவ்வகைப் பணியில் ஈடுபடும் எவருக்கும் அடுத்து எழும் கேள்வி ஒன்றுண்டு: கிடைத்த உருவத்தை எங்கிருந்தும் எவரும் திருப்பிப் பார்க்குமாறு இணையத்தில் வெளியிடுவது எவ்வாறு? பல வழிகள் உள்ளன. தவறான வழியைத் தேர்ந்தால், கல்லுக்கு முன்னதாகவே அதன் படி அழிந்துபோதல் கூடும்.

முப்பரிமாணப் படி என்பது யாது?

கல்வெட்டைப் படியெடுக்கும் பழைய முறை கள ஊழியர் பலரும் அறிந்ததே. கல்லைத் தூய்மை செய்து, ஈரமான தாளை அதன்மீது பரப்பி, தூரிகையினால் அடித்து, எழுத்துக் குழிகளுக்குள் தாளை அழுந்தச் செய்வர். பின்னர் மை ஒற்றினால், எழுத்து வெண்மையாகவும் ஏனைய பரப்புக் கருமையாகவும் தோன்றும். இந்த மைப்படி எழுத்தின் வடிவத்தைக் காட்டுமேயன்றி, அதன் ஆழத்தை எண்ணாக அளித்திடாது.

ஸ்கேனர் கருவி கல்லைத் தொடுவதில்லை. ஒளிக்கோலம் ஒன்றைக் கல்லின்மீது வீசி, அது வளையும் விதத்தைக் காமிராவினாற் கண்டு, பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் உள்ளதெனக் கணக்கிடுகின்றது. இப்புள்ளிகளை மும்மூன்றாக இணைத்தால் முக்கோணங்கள் அமையும். இலட்சக்கணக்கான சிறு முக்கோணங்கள் சேர்ந்த வலையே கணினி காட்டும் முப்பரிமாண உருவமாகும்.

இதனால் விளையும் பயன் பெரிது. கோயிற் சுவர்களில் உள்ள எழுத்துகள் எண்ணெய்க் கறையாலும் பாசியாலும் கண்ணுக்குப் புலப்படாதிருத்தல் உண்டு. கணினியில் நிறத்தை நீக்கி, வெறும் சாம்பல் நிறப் பரப்பாக உருவத்தைக் காட்டினால், கறை மறைந்து பள்ளம் மட்டும் தெரியும். ஆயின் தடித்த சுண்ணாம்புப் பூச்சு எழுத்துக் குழியையே நிரப்பியிருந்தால் ஸ்கேனரும் பயன்படாது. அது மேற்பரப்பை மட்டுமே காணும்.

எழுத்தின் நுட்பமும் கோப்பின் அளவும்

வெளியிடும் முறையைத் தேர்வதற்கு முன்னர், கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணக்கிட்டறிதல் நன்று. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பலகைக் கல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அளந்தால் 10 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். அவற்றால் ஏறத்தாழ 20 இலட்சம் முக்கோணங்கள் அமையும். எஸ்டிஎல் என்னும் கோப்பு வகையின் இருமக் குறிமுறையில் ஒரு முக்கோணத்திற்கு 50 பைட் தேவை. ஆகவே கோப்பின் அளவு 100 மெகாபைட் ஆகும். இடைவெளியைப் பாதியாக, அதாவது அரை மில்லிமீட்டராகக் குறைத்தால், கோப்பு நான்கு மடங்காகி 400 மெகாபைட்டை எட்டும்.

வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 100 மெகாபைட் கோப்பு வந்து சேர 80 வினாடிகள் செல்லும். கைப்பேசியில் காத்திருக்கும் மாணவன் அதற்கு முன்பே வேறு பக்கத்திற்குச் சென்றுவிடுவான். ஆதலின் முக்கோணங்களைக் குறைக்க வேண்டியது அவசியமாகின்றது.

ஆனால் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. எழுத்தின் கோடு 4 மில்லிமீட்டர் அகலமுள்ளதாயிருக்க, 5 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதமே எஞ்சுமாறு குறைத்தால், கோடு இரு புள்ளிகளுக்கு இடையே விழுந்து மறைந்துவிடும். தெரிய வேண்டிய நுட்பத்தின் அகலத்திற் பாதிக்கும் குறைவாகவே புள்ளிகளின் இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது நல்ல விதி.

இவ்விடர்ப்பாட்டிற்கு ஓர் உபாயம் கையாளப்படுகின்றது. முக்கோணங்களைப் பெரிதும் குறைத்துவிட்டு, மூலப் பரப்பு ஒவ்வோரிடத்திலும் எத்திசையிற் சாய்ந்திருந்தது என்பதை ஒரு படமாக உடன் இணைப்பர். இதனைச் சாய்வுப் படம் எனலாம். அப்படத்தின் உதவியால் ஒளி, பள்ளம் உண்மையிலேயே இருப்பதுபோலப் பட்டுத் தோன்றும். எழுத்தும் தெளிவாகப் படிக்கப்படும். எனினும் அப்பள்ளம் தோற்றமே. ஆழத்தை அளக்க முயன்றால் அங்கே சமதளமே காணப்படும். படிப்பதற்கு இது போதும். அளப்பதற்கும் ஆராய்வதற்கும் போதாது.

மறைந்துபோன முறைகள்

இணையத்தில் முப்பரிமாண உருவங்களைக் காட்டும் முயற்சி புதியதன்று. விஆர்எம்எல் என்னும் முதல் முறை 1995ஆம் ஆண்டில் வெளிவந்து, 1997ஆம் ஆண்டில் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அதனைக் காண்பதற்கு உலாவியில் தனிச் செருகு மென்பொருள் ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது. பாதுகாப்புக் காரணங்களால் உலாவிகள் இத்தகைய செருகிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. புகழ்பெற்றிருந்த பிளாஷ் மென்பொருளுக்கும் 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் ஆதரவு நின்றது. அவற்றை மட்டுமே நம்பி அமைக்கப்பெற்ற பக்கங்கள் வெறுமையாயின.

2011 மார்ச்சில் வெளிவந்த வெப்ஜிஎல் என்னும் தரம் இக்குறையை நீக்கியது. இதன்படி, செருகி எதுவுமின்றி, உலாவியே கணினியின் வரைகலைச் சில்லுக்கு நேரடியாகக் கட்டளையிடுகின்றது. கோப்பு வகையிலும் ஒற்றுமை ஏற்பட்டது. ஜிஎல்டிஎப் என்னும் வகை 2015இல் தோன்றி, 2017இல் இரண்டாம் பதிப்பைப் பெற்று, 2022இல் சர்வதேசத் தரமாயிற்று. வலைப்பக்கத்திற் காட்டும் படிக்கு இன்று முதலிற் கருதத்தக்கது இதுவே. முன்னர்க் கூறிய 100 மெகாபைட் உருவம், முனைப்புள்ளிகளை ஒருமுறை மட்டும் எழுதிவைக்கும் இம்முறையில், சுருக்காத நிலையிலேயே ஏறத்தாழப் பாதியளவாகும். டிராக்கோ முதலிய சுருக்கு முறைகளால் அதனை மேலும் பல மடங்கு குறைக்கலாம்.

வெளியிடும் வழிகள்

இன்று பின்பற்றத்தக்க வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, உருவங்களை ஏற்றுக் காட்டும் வணிகச் சேவையிடம் கோப்பை ஒப்படைத்தல். பதிவேற்றிய சில நிமிடங்களில் உருவம் உலகெங்கும் காணக்கிடைக்கும். கைப்பேசிக்கேற்ற ஏற்பாட்டையும் சேவையே செய்துகொள்ளும். கணினிப் பயிற்சி குறைந்த சிறு குழுவினருக்கு இது பெருஞ் சௌகரியம். ஆயின் சேவையின் ஆயுள் அதனை நடத்தும் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. கூகுள் நிறுவனம் 2017இல் தொடங்கிய பாலி என்னும் சேவை 2021 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. அதன் ஆயுள் நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2012இல் தோன்றி, அருங்காட்சியகங்கள் பலவும் பயன்படுத்திய ஸ்கெட்ச்ஃபேப் சேவையை 2021இல் எபிக் கேம்ஸ் நிறுவனம் வாங்கியது. 2024 அக்டோபரில் அந்நிறுவனம் ஃபேப் என்னும் புதிய சந்தையைத் தொடங்கியபோது, பழைய சேவையில் ஏற்றியிருந்தோர் தங்கள் உருவங்களின் எதிர்காலத்தைக் குறித்துக் கவலையுற நேர்ந்தது.

இரண்டாவது, சொந்த வலைத்தளத்தில் திறந்த மூல மென்பொருளைக் கொண்டு காட்டுதல். 2010இல் வெளிவந்த திரீ.ஜேஎஸ் என்னும் நிரல் தொகுப்பு இதற்கு அடிப்படையாகப் பெரிதும் பயன்படுகின்றது. நிரல் எழுதத் தெரியாதோர், மாடல்-வியூவர் என்னும் எளிய உறுப்பைத் தம் பக்கத்தில் ஒரே வரியிற் சேர்க்கலாம். இத்தாலியில் பைசா நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தார் தொல்பொருள்களுக்கென்றே உருவாக்கிய 3டிஹாப், மிகப் பெரிய உருவத்தையும் பகுதி பகுதியாக அனுப்பி, காண்பவர் நெருங்கும் இடத்தில் மட்டும் நுட்பத்தைக் கூட்டிக் காட்டவல்லது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையம் வெளியிட்டுள்ள வாயேஜர் மென்பொருளில் விளக்கக் குறிப்புகளை உருவத்தின்மீதே பொருத்தலாம். இவ்வழியில் உரிமையும் கட்டுப்பாடும் வெளியிடுவோரிடமே இருக்கும். ஆயின் வலைத்தள முகவரிக்கும் சேவையகத்திற்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். அவர் மாற்றலாகிப் போனபின் தளம் கவனிப்பாரற்றுப் போவது அநேக இடங்களிற் காணப்படும் நிகழ்ச்சியே.

மூன்றாவது, பொதுக் காப்பகத்தில் வைத்தல். விக்கிமீடியா காமன்ஸ் 2018 பிப்ரவரி முதல் எஸ்டிஎல் கோப்புகளை ஏற்கின்றது. இவ்வகையில் நிறம் இடம்பெறாதெனினும் கல்லெழுத்துக்கு வடிவமே போதுமானது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் 2013இல் தொடங்கிய ஸெனோடோ காப்பகம், ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாள எண் வழங்குகின்றது. காட்சிச் சிறப்பைவிடப் பாதுகாப்பே இத்தகைய இடங்களின் முதல் நோக்கமாகும்.

நான்காவது, முப்பரிமாண உருவத்திலிருந்து எடுத்த சாதாரணப் படங்களை வெளியிடுதல். இதனைத் தாழ்வாகக் கருதலாகாது. மிதிக் சொசைட்டியின் திட்டத்தில், கல்வெட்டுகளிலுள்ள ஒவ்வோர் எழுத்தின் படமும் தனித்தனியே பிரிக்கப்பட்டு, அக்ஷர பண்டார என்னும் மென்பொருள் வாயிலாகக் கிடைக்கச் செய்யப்பட்டுள்ளது. பழைய எழுத்தைக் கற்க விரும்பும் மாணவனுக்குக் கல்லைச் சுற்றிப் பார்ப்பதைவிட, ஒரே எழுத்து நூற்றாண்டுதோறும் அடைந்த மாற்றத்தை அருகருகே காண்பதே பயனுடையது.

தேர்வுக்கு உதவும் மூன்று கேள்விகள்

இவ்வழிகளுள் எது சிறந்தது எனப் பொதுவாகக் கூறுதல் இயலாது. பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபின் முடிவு செய்தல் வேண்டும்.

காண்பவர் என்ன செய்யப் போகிறார் என்பது முதற் கேள்வி. சிற்பமாயின் அதனைச் சுற்றிவந்து பார்ப்பதே நோக்கம். கல்வெட்டாயின் படிப்பதே நோக்கம். மாலை வெயில் சாய்ந்து விழும்போதோ, இரவில் விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்தபோதோ மங்கிய எழுத்து விளங்கித் தோன்றுவதைக் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் நன்கறிவர். ஆகவே கல்வெட்டைக் காட்டும் மென்பொருளில் ஒளியை நகர்த்தும் வசதியும் நிறத்தை நீக்கும் வசதியும் இருத்தல் இன்றியமையாதது. இவ்விரண்டும் இல்லையாயின், எவ்வளவு அழகிய காட்சியாயினும் படிப்பவருக்கு உதவாது.

எக்கருவியிற் காண்பார் என்பது இரண்டாம் கேள்வி. பக்கத்திற்கு 4,096 புள்ளிகள் கொண்ட சதுர வண்ணப் படம் கோப்பாக வரும்போது சில மெகாபைட் அளவே இருக்கலாம். ஆனால் திரையிற் காட்டுவதற்கு விரிக்கப்படும்போது அது ஏறத்தாழ 67 மெகாபைட் நினைவகத்தை நிரப்பும். விலை குறைந்த கைப்பேசி இத்தகைய இரண்டு மூன்று படங்களைத் தாங்காது நின்றுவிடக்கூடும். பக்கத்திற்கு 2,048 புள்ளிகளாகக் குறைத்தால் தேவை நான்கில் ஒரு பங்காகும்.

பத்தாண்டுகளுக்குப் பின்னர் இதனை யார் காப்பார் என்பது மூன்றாம் கேள்வி. பலரும் கேட்க மறக்கும் கேள்வி இதுவே. விடை தெளிவாக இல்லையாயின், முதல் இரண்டு வழிகளுள் ஒன்றை மட்டும் நம்புதல் தகாது.

காட்சிப் படியும் காப்புப் படியும்

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை விளங்கும். காண்பதற்குரிய படியும் காப்பதற்குரிய படியும் ஒன்றாக இருத்தல் இயலாது. இருக்க வேண்டுவதும் இல்லை. காட்சிப் படி சிறியதாகவும் விரைவில் தோன்றுவதாகவும் இருத்தல் வேண்டும். காலத்திற்கேற்ப அதனை மாற்றலாம். சேவை மூடப்பட்டால் வேறிடத்தில் மீண்டும் அமைக்கலாம். காப்புப் படியோ ஸ்கேனர் அளித்த முழு நுட்பத்துடன், குறைக்கப்படாமல், பலரும் அறிந்த திறந்த கோப்பு வகையில் இருத்தல் வேண்டும். அதில் ஒரு பிரதியைப் பொதுக் காப்பகத்திலும், வேறொன்றைத் தனி வன்தட்டிலும், மற்றொன்றை வேறோர் ஊரிலுள்ள நிறுவனத்திலும் வைத்தல் நலம். காப்புப் படி உள்ளவரை காட்சிப் படியை எத்தனை முறையும் செய்துகொள்ளலாம். காட்சிப் படியிலிருந்து காப்புப் படியை மீட்க ஒருக்காலும் இயலாது.

நூல்களிலும் அறிக்கைகளிலும் முகவரி குறிப்பிடும்போதும் இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தல் வேண்டும். வணிகச் சேவையின் முகவரியை அச்சிடாது, நிலையான அடையாள எண்ணையோ சொந்தத் தளத்தின் முகவரியையோ அச்சிட்டால், காட்சி இடம் மாறினாலும் படிப்பவர் வழி தவறமாட்டார்.

அலகும் குறிப்பும்

கள ஊழியர் தனிக் கவனம் செலுத்த வேண்டியது அளவு அலகாகும். எஸ்டிஎல் கோப்பில் எண்கள் மட்டுமே உண்டு. அவை மில்லிமீட்டரா, மீட்டரா என்னும் குறிப்பு இராது. ஜிஎல்டிஎப் வகையிலோ அலகு மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. இரண்டு மீட்டர் உயரமுள்ள நடுகல்லை மில்லிமீட்டரில் அளந்து, 2,000 என்னும் எண்ணை மாற்றாமல் இவ்வகைக்குக் கொண்டுசென்றால், அக்கல் இரண்டு கிலோமீட்டர் உயரமுள்ள மலையாகிவிடும். அளக்கும்போதே கல்லின் அருகில் அளவுகோல் ஒன்றை வைத்து அதனையும் சேர்த்துப் பதிவுசெய்தால், பிற்காலத்தில் ஐயம் எழாது.

உருவத்துடன் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பும் சேர்ந்திருத்தல் வேண்டும். கல் உள்ள ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, அளந்த தேதி, கருவியின் பெயர், அளவு அலகு, முன்னர் வெளியான நூலில் அதன் எண், படித்தறிந்த வாசகம், பயன்படுத்துவோருக்கு அளிக்கப்படும் உரிமை ஆகியவை அதில் யூனிகோடு எழுத்தில் இடம்பெறுதல் வேண்டும். கோயில் நிர்வாகத்தினரிடமோ நிலத்துக்குரியவரிடமோ பெற்ற அனுமதியையும் குறித்தல் முறையாகும். ரைஸ் தொகுதியின் பயன் இன்றளவும் நீடிப்பதற்குக் காரணம், ஊர்ப்பெயரும் எண்ணும் வாசகமும் ஒருங்கே தரப்பட்டிருப்பதேயாகும். ஊர்ப்பெயர் அறியாத உருவம், எத்துணை நுட்பமாயினும், வரலாற்றுக்குச் சான்றாகாது.

பள்ளிகளில் பயன்படுத்துதல்

பிரேசர் டவுன் போன்ற பகுதிகளில் தமிழ், கன்னடம், உருது ஆகிய மொழிகளைப் பேசும் மாணவர்கள் அருகருகே வாழ்கின்றனர். தங்கள் ஊரைச் சுற்றிலும் கன்னடக் கல்லும் தமிழ்க் கல்லும் ஒருங்கே இருப்பதை அவர்கள் திரையிற் கண்டறிதல் சிறந்த வரலாற்றுப் பாடமாகும். இணைய வசதி குறைந்த பள்ளியில், உருவத்தைப் பென்டிரைவிற் கொண்டுசென்று காட்ட ஆசிரியர் விரும்பலாம். ஆயின் வலைத்தளத்திற் செம்மையாக இயங்கும் பக்கம், பென்டிரைவிலிருந்து நேரே திறக்கும்போது உருவமின்றித் தோன்றுவதுண்டு. அருகிலுள்ள வேறு கோப்புகளைப் படிக்க உலாவிகள் பாதுகாப்புக் கருதி மறுப்பதே இதற்குக் காரணம். உருவக் கோப்பைப் பக்கத்தினுள்ளேயே பொதிந்து ஒரே கோப்பாக அமைத்தால் இத்தடை நீங்கும். வகுப்புக்கு முந்திய நாளே சோதித்துப் பார்ப்பதும், உடன் சில சாதாரணப் படங்களை வைத்திருப்பதும் நன்று.

படி எவ்வளவு சிறந்ததாயினும் அது கல்லுக்கு ஈடாகாது. அதன் இருப்பிடம், அருகிலுள்ள ஏரி, கோயில், எல்லை ஆகியவற்றுடன் கூடியே அது பொருள் தருகின்றது. ஆகவே கல்லைக் காக்கும் முயற்சியைத் தளர்த்துவதற்குப் படி ஒரு காரணமாகிவிடலாகாது. ஆனால் நகரங்கள் வளரும் வேகத்தில் எந்தக் கல் எப்பொழுது மறையுமென எவராலும் கூற இயலாது. சாலையோரத்திலோ வயல்வரப்பிலோ எழுத்துள்ள கல்லைக் காணும் கள ஊழியரும் ஆசிரியரும், அதன் இருப்பிடத்தையும் ஒரு புகைப்படத்தையும் அன்றே குறித்துவைத்து, தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தல் வேண்டும். ஸ்கேனரும் வலைத்தளமும் அதன்பின் வருவன.